முகம் தெரியும் இருக்கை

சிங்கப்பூரில் நம் வயதுக்காரர்களுக்கு ஈசூன் என்றால் வேறு ஈசூன். ரயில் வராத ஈசூன். அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே செம்மண் கிடக்கும். மழை பெய்தால் பள்ளிக்கூடச் சப்பாத்தில் அப்பிக்கொள்ளும். மறுநாள் காலை அதைச் சுரண்டிவிட்டு வெள்ளைப் பூச்சு பூசி, காய்வதற்குள் மாட்டிக்கொண்டு ஓடுவோம். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் நான்காம் மாடியில் நிற்காது. நகரத்துக்குள் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தப் பயணத்தில் நான் வாந்தி எடுக்காமல் வந்து சேர்ந்தால் அம்மா அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வாள்.

மேடையில் பியானோ வாசிப்பதுதான் என் தொழில் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஆரம்பத்தைத்தான் கேட்பார்கள். ஒரு வெல்டரின் மகள் பியானோவுக்கு எப்படி வந்தாள் என்று. பியானோ மாடியேறி வந்த கதையைச் சொல்வேன். சிரிப்பார்கள். அத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நடுவில் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா இருக்கும்வரை வேண்டாம் என்று வைத்திருந்தேன். போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள்.

மாடியேறி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கிருந்த என்ஜினியர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது வீட்டிலிருந்த பியானோவை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போக நினைத்தார். அப்பா கையைத் தூக்கிவிட்டார். ஹார்மோனியம் மாதிரி ஏதோ என்று நினைத்துத்தான் தூக்கினார் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா கடைசிவரை மறுத்துக்கொண்டிருந்தார். பட்டறை ஆட்கள் கப்பல் கயிற்றைக் கட்டி, படிக்குப் படி வைத்து வைத்துத் தூக்கிவந்தார்கள். புளோக்கில் இருந்த அத்தனை பேரும் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

மூடியைத் திறந்தால் பாச்சா உருண்டை வாசனை அடிக்கும். மழைக்காலத்தில் இடதுகைப் பக்கம் ஒரு கட்டை அமுங்கினால் எழுந்து வராது, விரலால் தூக்கிவிட வேண்டும். ஈரம் ஏறாமல் இருக்க அப்பா பியானோவின் அடிவயிற்றுக்குள் ஒரு சின்ன பல்பு பொருத்தியிருந்தார். அது பகலும் இரவும் எரியும். பெடலுக்கு மேலே உள்ள இடுக்கு வழியாக அந்த மஞ்சள் வெளிச்சம் என் பாதத்தில் விழும். பிறகு எத்தனையோ பெரிய பியானோக்களில் வாசித்திருக்கிறேன். எதுவும் கால்மீது வெளிச்சம் போட்டதில்லை. நாங்கள் வீடு மாறியபோது அந்தப் பியானோவை யாரோ எடுத்துப் போனார்கள். யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு அப்பா தரையில் படுத்துக்கொள்வார். தலை பியானோ பக்கம் இருக்கும். நாளெல்லாம் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண் எரியும் என்று மேலே ஈரத்துண்டைப் போட்டுக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்து நான் ஒரு பகுதியைத் தாண்டி ஓடினால் துண்டுக்கு அடியிலிருந்து குரல் வரும்.

"என்னாம்மா, ஒரு சுத்து கொறையுது?"

அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஆனால் நான் வாசித்த ஒவ்வொன்றும் அவருக்குப் பாடம். எங்கே வேகம் கூடும், எங்கே இடதுகை தனியாக நிற்கும், எங்கே நான் வழக்கமாகத் தடுமாறுவேன் என்று எல்லாம் தெரியும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீன அம்மையார். நாங்கள் மிஸ் என்போம். தனியாக இருந்தார். வீட்டில் இரண்டு பியானோ, கொசுவர்த்தி வாசனை, எப்போதும் ஒரு தட்டில் உரித்த ஆரஞ்சுச் சுளை. நான் ஆறாம் வகுப்பு முடித்த அந்த வருஷம், வெளிநாட்டு இசைப்பள்ளி ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியர் வரப்போவதாகச் சொன்னார். பிப்ரவரியில் நகரத்தில் ஒரு மண்டபத்தில், பார்வையாளர்கள் முன்னால் பிள்ளைகள் வாசிக்க வேண்டும். தேறுகிறவர்களை அவரே அழைத்துப்போய்ப் படிக்க வைப்பார். ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையைத்தான் அனுப்பலாம். மிஸ் என்னை அனுப்பத் தீர்மானித்திருந்தார். எனக்குக் கொடுத்தது ஒரு சொனாட்டாவின் கடைசிப் பகுதி. அதன் நடுவில் வலதுகை கீழிருந்து சட்டென்று பறந்துபோய் மேல்கோடியில் உட்கார வேண்டிய ஓர் இடம் வரும். பார்த்துத் தாவ நேரம் இருக்காது. நானும் அப்பாவும் அதைத் தாவல் என்போம்.

தீபாவளி முடிந்த கையோடு மிஸ் தன் மாணவர்களை எல்லாம் வைத்து ஒரு கச்சேரி நடத்தினார். ஒத்திகை மாதிரி. அப்பா தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நீலத்தில் மினுமினுப்பாக இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதான் கெடச்சுதா?" என்றாள். மண்டபத்தில் மற்றப் பெற்றோர்கள் மெதுவாக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பியானோ கச்சேரிக்குப் போகிறவர்கள் இடப்பக்கம்தான் உட்காருவார்கள், அங்கிருந்தால் கை தெரியும். அப்பா வலப்பக்கம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தால் வாசிக்கிறவரின் முகம் தெரியும்.

அவருக்கு என் முகம் தெரிந்தால் எனக்கும் அவர் முகம் தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

முதல் பக்கம் நன்றாகப் போனது. கைகள் தாமாக ஓடின. ஏதோ அசைந்தது போலத் தோன்றியதால் கண்ணைத் தூக்கினேன். அப்பா. உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது, விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தன. நான் வாசித்துக்கொண்டிருந்த இடத்தை அவை தட்டவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் இறுகியது, கண் சுருங்கியது, கழுத்து நரம்பு எழும்பி நின்றது. தாவல் வருவதற்கு இன்னும் இரண்டு வரி இருந்தது. அப்பாவின் முகம் அங்கே போய் விழுந்துவிட்டது.

பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கைகள் நின்றுவிட்டன. அடுத்த கட்டை எது என்று தெரியவில்லை, வாசித்த கட்டை எது என்றும் தெரியவில்லை. மண்டபத்தில் ஏர்கான் சத்தம் மட்டும் கேட்டது. ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கினேன், அதே இடத்தில் மறுபடி நின்றேன். மிஸ் மேடையோரம் வந்து கையைக் காட்டினார். எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போதும் இரண்டு பஸ். இரண்டாவதில் அப்பா, "பரவால்லம்மா, அடுத்த தரம்" என்றார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பயிற்சி போதவில்லை என்று மிஸ் முடிவு கட்டினார். டிசம்பர் விடுமுறை முழுவதும் அந்தத் தாவலை மட்டும் தனியாக, மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு, மூடிவைத்த பலகைமேல் விரலால் தட்டி என்று விதவிதமாகச் செய்ய வைத்தார். சனிக்கிழமைகளில் தன் வீட்டுக்குச் சிலரைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் வாசிக்கச் சொன்னார். முதல் சனிக்கிழமை அப்பா வந்தார். அதே இடத்தில் நின்றேன். அடுத்த சனிக்கிழமை அவருக்குப் பட்டறையில் ஓவர்டைம். அன்றைக்குக் கடைசிவரை நிற்காமல் வாசித்தேன். மிஸ் ஆரஞ்சுத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதற்கடுத்த வாரம் அப்பா வந்தார். தாவலுக்கு இரண்டு வரி முன்பே கை குளிர்ந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது எப்படிப்பட்ட புரிதல் என்று யோசித்துப் பாருங்கள். என்னை இந்த உலகத்தில் யார் மிகவும் கவனித்துக் கேட்கிறாரோ, அவர் இருந்தால் எனக்கு வாசிக்க வரவில்லை. இதை எந்த வார்த்தையில் அவரிடம் சொல்வது?

அன்று மிஸ் அப்பாவை வாசலுக்கு அழைத்துப்போய்ப் பேசினார். தைப்பூசம் முடிகிற வாரம்வரை பார்ப்பேன், இப்படியே இருந்தால் வேறொரு மாணவியை அனுப்பிவிடுவேன் என்று சொன்னதாக அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சித்தப்பாவுக்கு போன் போட்டார். சித்தப்பா ஏற்கெனவே பலமுறை அலகுக் காவடி எடுத்தவர்.

"நீயா?" என்று சித்தப்பா கேட்டது எனக்கே போனிலிருந்து கேட்டது. "ஊசின்னாலே மூஞ்சியத் திருப்பிக்குவியே லா."

"வேண்டிக்கிட்டேன்" என்றார் அப்பா.

விரதம் ஆரம்பித்தது. வீட்டில் மீன் வாசனை நின்றுபோய்ச் சாம்பிராணி வாசனை வந்தது. அப்பா தனிப் பாயில் படுத்தார், ஒருவேளை மட்டும் சாப்பிட்டார், அப்படியே பட்டறைக்குப் போய் வெயிலில் இரும்போடு நின்றுவிட்டு வந்தார். கன்னம் ஒட்டிப்போனது. அவர் மெலிய மெலிய, நான் தவறவே கூடாது என்ற கட்டாயம் என்மேல் ஏறிக்கொண்டே போனது. நான் நின்றுவிட்டால் அவர் குத்திக்கொள்ளப் போவது எல்லாம் வீண். கனவில் தாவலின் கடைசிக் கட்டை வேலாக இருந்தது.

ஜனவரியில் புதுப் பள்ளிக்கூடம். ஒரு மாலை அம்மா என் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் இதெல்லாம் செய்வாள். அப்பா கடைக்குப் போயிருந்தார். இதுதான் சமயம் என்று கேட்டேன்.

"அம்மா, அன்னிக்கி அப்பா வர வேணாம்னு சொல்றியா?"

"எதுக்கு?"

"அப்பா இருந்தா எனக்கு வாசிக்க வரல."

அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்பாவப் பாத்தா வெக்கமா இருக்கா உனக்கு?"

"அது இல்லம்மா."

"அந்தப் புள்ளைங்க அப்பாவெல்லாம் டாக்டரு, லாயரு. உங்கப்பா வெல்டரு. கையெல்லாம் தீப்பட்ட தழும்பு. பளபளன்னு ஒரு சட்ட. அதான?"

"இல்லம்மா, அவரு மூஞ்சி..."

"மூஞ்சிக்கு என்னா?"

அப்பாவின் முகம் எனக்கு முன்னால் ஓடிப்போய் விழுகிறது என்று எப்படிச் சொல்வது?

"ஒடம்பெல்லாம் குத்திக்கப் போறாரு, உனக்காக. நீ அவரு மூஞ்சி சரியில்லங்கற."

கதவுப் பக்கம் பை சரசரத்தது. அப்பா வாழைப்பழச் சீப்போடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. சீப்பை மேசைமேல் வைத்தார்.

"தண்ணி இருக்கா?" என்று கேட்டார். குடித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இன்றைக்கு யோசிக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்த மினுமினுச் சட்டையைப் பார்த்து மண்டபத்தில் கூசிப்போனவள் அம்மா. தன்னிடம் இருந்ததை என் வாயில் வைத்து, என்னைத் திட்டி, அதைத் தீர்த்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெற்றோர்கள் நடுவே அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து நான் பியானோவில் உட்கார்ந்தால் அப்பா எழுந்து கீழே போய்விடுவார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். புளோக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், வெறுங்காலோடு. தரையில் ஈரத்துண்டு இல்லை, மூச்சுச் சத்தம் இல்லை. ஒரு சுற்றை விட்டுவிட்டு ஓடினாலும் கேட்க ஆளில்லை. வாசிப்பு இன்னும் மோசமானது. முன்பு மற்றவர்கள் முன்னால்தான் நின்றது, இப்போது வீட்டிலேயே நின்றது. அவர் இருந்தாலும் முடியவில்லை, போனாலும் முடியவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "நல்லா வாசி, இப்பத்தான் யாரும் இல்லையே" என்பாள்.

தைப்பூசத்தன்று விடிந்ததும், காவடிகள் புறப்படும் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலில் இருந்தோம். ஈரத் தரை, எலுமிச்சை, திருநீறு, வியர்வை. அந்தக் காலத்தில் ஊர்வலத்தில் வாத்தியம் கூடாது என்று அரசாங்கத் தடை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உறுமி இல்லை, தவில் இல்லை. கையைத்தான் தட்டுவோம், வாய்விட்டுப் பாடுவோம். அப்பாவை முக்காலியில் உட்கார வைத்து அலகு குத்தினார்கள். சித்தப்பா தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. கிளினிக்கில் ஊசிக்கு முகத்தைத் திருப்புகிற அப்பா, நாக்கில் வேல் ஏறும்போது நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் இல்லை. பயம் இல்லை, இறுக்கம் இல்லை. மண்டபத்தில் பார்த்த முகமா இது என்று இருந்தது.

சிலிகி ரோடுவரை நன்றாகத்தான் நடந்தார். காவடியின் கம்பிகள் மார்பிலும் முதுகிலும் ஊன்றியிருக்க, இரண்டு அடி வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். டோபி காட் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. முன்னால் போன காவடிகள் தேங்கி நின்றன. நகராமல் அந்தப் பாரத்தோடு நிற்க வேண்டியிருந்தது. அப்பாவின் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. சித்தப்பா முக்காலியை வைத்தார். அப்பா ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்து நின்றார். வழி விட்டபிறகும் காலை எடுக்க முடியவில்லை. யாரோ பாதத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். "அரோகரா" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். அவர் அசையவில்லை.

"இறக்கிரலாமா?" என்று சித்தப்பா அம்மாவைக் கேட்டார்.

அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "போ, அப்பா முன்னாடி போய் நில்லு. உன்னப் பாத்தாத் தெம்பு வரும்."

போய் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு காலை எடுத்தார். அந்தக் கால் தரையில் படுவதற்கு முன்பே அது மடங்கப்போகிறது என்று எனக்குத் தோன்றியது, மூச்சை இழுத்துக்கொண்டேன். கால் மடங்கியது. சித்தப்பா தாங்கிப் பிடித்தார். மறுபடி காலை எடுத்தார். மறுபடி நான் அவர் முழங்காலைப் பார்த்தேன், மறுபடி அது நின்றுபோனது. அவர் கண் என் முகத்தில் இருந்தது. நெடுநேரம் என்னையே பார்த்தார். வாயில் வேல் இருந்ததால் பேச முடியாது. காவடியைப் பிடித்திருந்த கைகளில் ஒன்றை எடுத்து என்னை நோக்கி அசைத்தார்.

"கிட்ட வரச் சொல்றாரு, போ" என்றாள் அம்மா.

அவர் கிட்ட வரச் சொல்லவில்லை. கையைத் தனக்குப் பின்னால் காட்டினார். மறுபடி காட்டினார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். இப்போது அவருடைய முதுகுதான் தெரிந்தது. கொக்கிகளில் தொங்கிய எலுமிச்சம்பழங்கள், அவற்றுக்கு நடுவே வழிந்த வியர்வை, நடுங்கிக்கொண்டிருந்த கெண்டைக்கால். நான் கையைத் தட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொனாட்டாவின் வேகத்தில்தான் தட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன், அந்த மாதங்களில் எனக்கு வேறு வேகம் தெரியாது. பக்கத்தில் இருந்தவர்களும் அதே வேகத்தில் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கால் ஓர் அடி எடுத்து வைத்தது. அப்புறம் இன்னொன்று. ஊர்வலம் முடிகிற டேங்க் ரோடு முருகன் கோயில்வரை நான் முன்னால் போகவே இல்லை.

கோயிலில் அலகை எடுத்து, திருநீற்றை அழுத்தி வைத்தார்கள். அப்பாவைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்துவிட்டு அம்மாவும் சித்தப்பாவும் சாப்பாடு வாங்கப் போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே அப்பா கூப்பிட்டார். பேச்சு குழறியது.

"பாப்பா."

"என்னாப்பா."

"டோபி காட்ல உன் மூஞ்சியப் பாத்தேன்."

நான் விசிறுவதை நிறுத்தினேன்.

"நான் காலத் தூக்கும்போதே நீ விழுந்துட்ட."

அட்டையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"அங்க நான் அப்படித்தான் உக்காந்திருந்தேனா?"

தலையை ஆட்டினேன். அவர் கண் மூடியிருந்ததால், "ஆமாப்பா" என்றும் சொன்னேன்.

"அந்தத் தாவல் வர்றப்பவா?"

"அதுக்கு ரெண்டு வரி முன்னாடியே."

சிரிக்கப் பார்த்தார். நாக்கு வலித்திருக்க வேண்டும், பாதியில் விட்டுவிட்டார்.

"உங்கம்மா வேற மாதிரி சொன்னா."

"அது இல்லப்பா. நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"தெரியும்மா. இப்பத்தான் தெரியும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அப்ப நான் வரட்டுமா, வேணாமா?"

அன்று காலையிலிருந்து அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதேன். "வாங்கப்பா. ஆனா எங்க உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியக் கூடாது."

"சரி" என்றார். அவ்வளவுதான். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

அந்த வாரம் மிஸ் வீட்டில் நிற்காமல் வாசித்தேன். அவர் தன் கெடுபிடிதான் பலித்தது என்று நினைத்துக்கொண்டார். அம்மா முருகன் என்றாள். அப்பா வீட்டில் மறுபடி தரையில் வந்து படுத்தார், முகம் முழுவதும் மூடத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு. நடந்ததை அம்மாவிடம் அவர் சொல்லத்தான் செய்தார். "புள்ளைக்கி என்னப் பாத்தா பயம் தொத்திக்கிது" என்று. அம்மா நம்பவில்லை. பெண்ணைக் காப்பாற்றப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் அந்த மண்டபம். நுழைவாயில்வரை அப்பா எங்களோடு வந்தார், பிறகு கூட்டத்தில் கலந்து காணாமல் போனார். அம்மா தனியாக இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். என் முறை வந்தது. உட்கார்ந்ததும் ஒருமுறை வலப்பக்கம் பார்த்தேன். முன்வரிசையில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார். ஆரம்பித்தேன். தாவலுக்கு இரண்டு வரி முன்னால் வழக்கம்போல் கை குளிர்ந்தது. இந்த மண்டபத்தில் எங்கோ ஒரு முகம் இப்போது இறுகுகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. கண்ணைத் தூக்கினாலும் கிடைக்காது. அதனால் தூக்கவில்லை. கை பறந்து போனது. உட்கார வேண்டிய கட்டையோடு பக்கத்துக் கட்டையையும் சேர்த்துத் தட்டிவிட்டது. பிசகான சத்தம்தான். நான் நிற்கவில்லை. நின்றுபோகாமல் பிசகலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கடைசிவரை போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு பேரை எடுத்தார்கள். இரண்டாவதாகக் கூப்பிட்டது என்னை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெளியில் தெரிந்ததுதான். குளிரான ஓர் ஊரில் படித்தேன். போட்டிகளில் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். பல வருஷம் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசித்தேன். தனிக்கச்சேரி செய்யக் கூப்பிட ஆரம்பித்தபோது என் வயதுக்காரர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை மேடையேறும்போதும் கை குளிரும். இன்றைக்கும் குளிர்கிறது. சிங்கப்பூரில் நான் வாசித்த எல்லாக் கச்சேரிக்கும் அப்பா வந்தார். நான் எடுத்துக்கொடுக்கும் டிக்கெட்டை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கு வேறு இடம் வாங்கிக்கொள்வார். எங்கே உட்கார்ந்தார் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. முடிந்தபிறகு வாசலில் நின்றுகொண்டிருப்பார். "நல்லாருந்துச்சும்மா" என்பார். சில நாள், "இன்னிக்கி ஒரு சுத்து வேகம் ஜாஸ்தி" என்பார். அம்மா ஒவ்வொரு முறையும் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்புவாள்.

கடைசியாக அவர் வந்த கச்சேரிக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். சக்கர நாற்காலிக்கென்று மண்டபத்தில் ஒரே இடம்தான், வலப்பக்கம், மேடைக்கு அருகில். "அங்க வேணாம், அவளுக்கு என் மூஞ்சி தெரிஞ்சிரும்" என்று அப்பா பணியாளரிடம் மன்றாடியிருக்கிறார். அந்தப் பையன் புரியாமல், வெளியே கச்சேரியை டிவியில் காட்டும் கூடத்தைக் காட்டியிருக்கிறான். அம்மாதான் விடாமல் உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு யாரோ வந்து சொன்னார்கள். முதல் பாதி முழுவதும் கட்டைகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கழுத்து வலித்தது.

இடைவேளைக்குப் பிறகு மேடைக்கு வந்து வணங்கி நிமிர்ந்தபோது, இன்னும் எத்தனை தடவை அவர் வரப்போகிறார் என்று தோன்றி, வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு மண்டபத்தில் அப்பாவின் முகம். தலை தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. மடியில் கிடந்த விரல்கள் எதையும் தட்டவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு அவரை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்தபோது, வேண்டாம் என்று தலையை அசைத்தேன். ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

நான் உட்கார்ந்து, கொஞ்சம் மெதுவாகவே ஆரம்பித்தேன்.